சிரமதானத்துக்கு முன் செய்யாத ஆய்வு

சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் நகரில் எங்கள் கோயிலுக்காகப் பழைய பட்டறை ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். நுரையீரலைக் கெடுக்கும் அஸ்பெஸ்டஸ் நார் எதுவும் காணப்படவில்லை என்ற ஆய்வறிக்கையை உரிமையாளர் தந்தார். அதை நம்பி ஒரு சனிக்கிழமை, எல்லாரும் கூடிச் சம்பளமில்லாமல் வேலை செய்யும் சிரமதானம் வைத்தோம். சமையலறைத் தரையில் ஒட்டியிருந்த பழைய பிளாஸ்டிக் விரிப்பை ஆண்கள் சுரண்டிப் பெயர்த்தார்கள். என் மனைவி தூசியைக் கூட்டி அள்ளினாள்.

“அக்கா, புண்ணியம் முழுக்க நீங்களே அள்ளுறியளோ?” என்று அவளுடைய தம்பி சீண்டினான்.

“நீ கதைக்காமல் சுரண்டடா, சோறு ஆறுது.”

கழிவை எடுக்க வந்த நிறுவனத்தினர் விரிப்பின் அடிப்பக்கத்தைக் கண்டு சந்தேகப்பட்டுச் சோதனைக்கு அனுப்பினார்கள். அதில் அஸ்பெஸ்டஸ் இருந்தது. அறிக்கை எழுதிய ஆய்வாளரை அழைத்துக் கேட்டோம். கட்டடத்தில் வழக்கம்போல் புழங்குவதற்காக, கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே பார்த்ததாகச் சொன்னார். பெயர்ப்பதென்றால் அடிப்பகுதிகளைத் திறந்து மாதிரி எடுக்கும் வேறு ஆய்வு செய்திருக்க வேண்டுமாம்.

மூச்சில் எவ்வளவு போனது என்று அறிய வழியில்லை, நோய் வந்தாலும் பல ஆண்டுகள் கழித்தே தெரியும் என்றார் நாங்கள் போய்ப் பார்த்த மருத்துவர். வீடு வந்ததும் மனைவி சலவைக்கூடையைத் திறந்து பார்த்தாள். பிறகு, “சிரமதானத்தண்டு போட்ட உடுப்பைப் பிள்ளையின்ர உடுப்போடதான் தோய்ச்சனான்” என்றாள்.

இப்போது எந்தக் கட்டடத்திலும் எதை உடைக்கப்போகிறோம் என்பதை முதலில் ஆய்வாளரிடம் சொல்லி, அந்த வேலைக்குரிய ஆய்வையே கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள். எங்கள் வீட்டுக்கு அது பிந்திவிட்டது.