சிஞ்ஞோராவின்ரை ஒரு வாக்கு

வயித்தெரிச்சல் எண்டால் என்னெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2018இலை, இத்தாலியிலை பலெர்மோவிலை, கால்சாப் பக்கம் ஒரு வீட்டிலை வேலை செய்யேக்கை வடிவாப் படிச்சனான்.

அது பழைய மாளிகை ஒண்டைத் திருத்திக் கட்டின வீடு. நாங்கள் எதிர்ச் சந்திலை, சுவர் ஊறின ரெண்டு அறையிலை இருந்தனாங்கள். வீட்டுக்கார அம்மாவை சிஞ்ஞோரா எண்டுதான் இஞ்சை கூப்பிடுறது; அவவை முதல் பிரான்சுக்காரி எண்டுதான் நினைச்சனான். பிறகுதான் தெரியும், பசிபிக் கடலிலை பிரான்ஸ் பிடிச்சு வைச்சிருக்கிற நியூ கலிடோனியாவிலை பிறந்தவ. கட்டினது இஞ்சத்தை ஆளை.

ஒருநாள் நான் துணி அயன் பண்ணேக்கை வந்து சொல்லுறா, நவம்பரிலை தங்கடை சனத்திட்டைத் தனிநாடு வேணுமோ எண்டு கேக்கப் போகினமாம்.

"ஆர் கேக்கிறது?"

"பிரான்ஸ்தான்."

"பிடிச்சு வைச்சிருக்கிறவனே கேக்கிறானோ?"

அவ சிரிச்சா. சனம் எவ்வளவு எண்டு கேட்டன். மூண்டு லட்சமும் வராதாம். ஐயோ கடவுளே, எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. வன்னியிலை சண்டையின்ரை கடைசி மாசங்களிலை ஒரு துண்டுக் கடற்கரையிலை நெருக்குப்பட்டு நிண்ட சனம் கண்ணுக்குள்ளை வந்துது. நான் எலெக்சனிலை வாக்குப் போட்டிருக்கிறன், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் இந்தக் கேள்வியை என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை. ஒருக்கால் இஞ்சத்தைத் தமிழ்ச் சனம் நாங்களே ஒரு ஹோலிலை பெட்டி வைச்சு, நாங்களே போட்டு, நாங்களே எண்ணினனாங்கள். அதை ஆர் கணக்கெடுத்தது? அவவோடை கதைச்ச அண்டைக்கு அயன் பெட்டிக்குக் கீழை ஒரு தலையணை உறை கருகிப்போச்சு.

அவவுக்கு அங்கை போக ஏலாது. அவவுக்குப் பதிலாத் தாய் போடலாமாம். ஆனால் அதுக்கு ஒரு பிரெஞ்சுத் தூதரக அதிகாரிக்கு முன்னாலை பாஸ்போட்டைக் காட்டி ஒப்பம் வைக்கோணும். அந்த அதிகாரி ஒரு வியாழக்கிழமை பொலிதேயாமாச் சதுக்கத்திலை ஒரு கந்தோருக்கு வருவார், மத்தியானம் ஒரு மணி வரைக்கும்தான் இருப்பார். சிஞ்ஞோரா சரியான பஞ்சி. "பாப்பம், பாப்பம்" எண்டுகொண்டு திரிஞ்சா. நான் விடேல்லை. ஒவ்வொரு நாளும் "போறீங்கள்தானே, போறீங்கள்தானே" எண்டு அரிச்செடுத்தன். தனிநாடு வேணுமோ எண்டு கேட்டால் ஒரு சனம் 'ஓம்' எண்டுதானே சொல்லும்? வேறை மாதிரி யோசிக்கவே எனக்குத் தெரியேல்லை.

செவ்வாய்க்கிழமை குசினி மேசையிலை, தேசிக்காய்க் கோப்பைக்குப் பக்கத்திலை அவவின்ரை பாஸ்போட் கிடந்துது. பாஸ்போட்டைத் தேசிக்காயோடை போட்டு வைக்கிற சனத்தை அப்பதான் பாத்தன். எடுத்து ஒரு ஷொப்பிங் பையிலை சுத்தி, முடிச்சுப் போட்டு, அலுமாரியிலை படுக்கை விரிப்புகளுக்குப் பின்னாலை வைச்சன். ஒருத்தரும் வைக்கச் சொல்லேல்லை. இடம்பெயர்ந்த ஒவ்வொரு ஊரிலையும் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் அப்பிடி வைச்ச கை, தன்ரை பாட்டிலை செய்தது.

வியாழக்கிழமை அவ வெளிக்கிட்டா. எனக்குத்தான் சந்தோசம், பெரிய புளுகம்.

"நல்லது சிஞ்ஞோரா. உங்கடை தீவு தனிநாடாகட்டும்."

அவ தோட்டைப் போட்டுக்கொண்டு சொன்னா, "இல்லையே, நான் வேண்டாமெண்டுதான் போடப்போறன். அம்மாவுக்கும் சொல்லிப்போட்டன். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் பிரான்ஸ்தான் நடத்துது. தனிய நிண்டு என்ன செய்யிறது?"

இதுக்கோ இவவை நான் ஒரு மாசமாத் துரத்தினது!

பிறகு கைப்பையைத் திறந்தா, கொட்டினா, "என்ரை பாஸ்போட்டைக் கண்டனீங்களோ?" எண்டு கேட்டா. அப்ப பதினொரு மணி.

"இல்லை சிஞ்ஞோரா" எண்டன்.

அதோடை நிண்டனானோ? அவவோடை சேந்து நானும் தேடினன். சோபா மெத்தையைத் தூக்கினன், கட்டிலுக்குக் கீழை படுத்துப் பாத்தன், காருக்குள்ளை பாக்கச் சொல்லி அவவைக் கீழை அனுப்பினன். அந்த அலுமாரிக்குப் பக்கம் மட்டும் போகேல்லை. வேண்டாமெண்டு சொல்லுறதுக்கும் ஒரு குடுப்பினை வேணும், அது இவவுக்கு ஏன் எண்டு மனம் கிடந்து குமுறிச்சுது.

சேர்ச் மணிக்கூடு ஒரு மணி அடிச்சுது, அதிகாரி வெளிக்கிடுற நேரம். பஞ்சி பிடிச்ச அந்த மனுசி நிலத்திலை இருந்து அழுதா. "அம்மா பாத்துக்கொண்டு இருப்பா" எண்டு மட்டும் சொன்னா. அதை நான் எதிர்பாக்கேல்லை.

கொஞ்சம் பொறுத்து உள்ளை போய், முடிச்சை அவிட்டு, பையைச் சட்டைப் பொக்கற்றுக்குள்ளை திணிச்சுப்போட்டு, பாஸ்போட்டைக் கொண்டுவந்து நீட்டினன். "விரிப்புக்குள்ளை கிடந்தது, சிஞ்ஞோரா." அவ என்னைக் கட்டிப்பிடிச்சுக் கொஞ்சினா. நீங்கள் இல்லாட்டி நான் என்ன செய்வன் எண்டா. நான்தான் ஒளிச்சு வைச்சனான் எண்டு சொல்ல வாய் உன்னினது உண்மை.

அதுக்கிடையிலை அவ கண்ணைத் துடைச்சுப்போட்டுச் சொன்னா, "பரவாயில்லை. இந்தமுறை வேண்டாமெண்டு வந்தால் ரெண்டு வருசத்திலை இன்னொருக்கால் கேப்பினம். அதுவும் வேண்டாமெண்டால் மூண்டாந்தரமும் கேக்கலாம். பிரான்சோடை செய்த ஒப்பந்தத்திலை அப்பிடித்தான் கிடக்கு."

மூண்டு தரம்! நான் களவெடுத்த வாக்கும் அவவுக்குத் திரும்பி வரப்போகுது. சொல்ல வந்ததை விழுங்கிப்போட்டன். இண்டைக்கு வரைக்கும் சொல்லேல்லை.

அவ முகம் கழுவிக்கொண்டு வந்து, பாஸ்போட்டைத் திரும்பவும் தேசிக்காய்க் கோப்பைக்குப் பக்கத்திலை போட்டா.