சனிக்கிழமை வண்டி ஏறாதவள்

கொல்லிமலைக்கு வர்றவங்க தங்க ஊட்டுக்குப் பக்கத்துல ரெண்டு ரூம் விட்டிருக்கேன். என் கையால ஆக்கிப் போட்டு ஒருத்தரும் குறை சொன்னதில்லை.

போன ஐப்பசியில வேன்ல மூணு பொம்பளைங்க வந்தாங்க. ஒருத்தி சேலத்து முஸ்லிம். ஒருத்தி கிறிஸ்தவ டீச்சர். மூணாவது யூதப் பொண்ணு, பம்பாய்க்காரி, தமிழ் அரைகுறை. ஏதோ ஒரு பயணத்துல பழகினவங்க, அப்புறம் வருசா வருசம் ஒண்ணாத்தான் சுத்தறாங்க. ஒருத்தி கும்புடற எடத்துல மத்தவங்களும் போய் உக்காந்துட்டு வருவாங்களாம்.

"வெள்ளி ஒருத்தருக்கு, சனி ஒருத்தருக்கு, ஞாயிறு ஒருத்தருக்கு. வண்டி என்னைக்குத்தாங்க ஓடும்?"னு டிரைவர் சலிச்சுக்கிட்டான்.

வெள்ளிக்கிழமையே மலையை விட்டு எறங்கியிருக்கணும். அருவிக்குப் போனதுல பொழுது போயிருச்சு. வெள்ளி பொழுது சாஞ்சா பம்பாய்க்காரிக்கு ஓய்வு நாள் பொறந்துரும். இனி சனிக்கிழமை பொழுது சாயற வரைக்கும் வண்டி ஏற மாட்டா, அடுப்பு மூட்ட மாட்டா, போனைக்கூடத் தொட மாட்டா, தனக்காக மத்தவங்களைச் செய்யச் சொல்லவும் மாட்டா. ஆனா சேலத்துக்காரியோட தங்கச்சிக்கு அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே சேலத்துல நிச்சயம்.

சனிக்கிழமை விடியறப்பவே வானம் கறுத்துக் கெடந்துச்சு. மழை புடிச்சா வளைவு ரோட்டுல மண்ணு சரியும். சேலத்துக்காரி வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்தா. எனக்கும் இருப்புக்கொள்ளல, கூட்டின வாசலையே மறுபடி கூட்டினேன்.

"நீ போ. நிக்கறது என் நாள், உன் நாள் இல்ல"ன்னா பம்பாய்க்காரி.

"உன்னை விட்டுட்டு எப்பிடிடி போவேன்?"

டிரைவர் குறுக்க வந்தான். "நான்தானுங்க ஓட்டப்போறேன், இவங்க சும்மா உக்காந்து வர்றதுல என்ன பாவம்?"

எனக்குச் சுர்ருனு வந்துருச்சு. "மாரியாயி நோம்பிக்குக் காப்புக் கட்டிட்டா, கலெக்டரே கூப்பிட்டாலும் நாங்க ஊரெல்லை தாண்டுவமா? அவளுக்கு வாராவாரம் காப்பு. வாயை மூடிட்டு வண்டிய எடு. நீ ஏறு கண்ணு, இவ என் ஊட்ல இருக்கா."

சேலத்துக்காரி அழுதுக்கிட்டே ஏறினா. துணைக்கு டீச்சர் தங்கிக்கிட்டா.

வண்டி மறைஞ்சதுமே மழை கொட்டுச்சு. பம்பாய்க்காரி சோத்தைத் தொடல. ஜன்னலோரமே உக்காந்திருந்தா. மத்தியானத்துக்கு மேல டீச்சரோட போன் கட்டில்ல கெடந்து அடிச்சுது. டீச்சர் குளிக்கப் போயிருந்தா. அடிச்சு நின்னுது, மறுபடி அடிச்சுது. பம்பாய்க்காரி ரெண்டு கையையும் மடியில இறுக்கிக்கிட்டா. எடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல. எனக்கு எழுத்துதான் வராது, பச்சை பட்டன் தெரியும். அமுக்கினேன், சேலத்துக்காரி குரல்.

"எறங்கிட்டோம்மா! கடைசி வளைவுல மரம் சாஞ்சு கெடந்துச்சு, வெட்டித் தள்ளிட்டு வந்தோம். நாளைய விருந்துக்கு அவளுக்குன்னு கறி சேராத சமையல் தனியா சொல்லியிருக்கேன். டீச்சர் சர்ச் முடிச்சதும் ரெண்டு பேரும் வந்துரணும்."

போனை வெச்சேன். என்ன சேதின்னு அவ கேக்கல. நானும் அவ மூஞ்சியப் பாக்காம, அடுப்பப் பாத்து அத்தனையும் சத்தமாச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் கழிச்சு, முந்தின ராத்திரி ஆக்கின சாமைச் சோத்தத் தன் பக்கம் இழுத்தா. சூடு பண்ணட்டுமான்னேன். வேண்டாம்னு தலையாட்டிட்டு, ஆறினதையே வழிச்சுத் தின்னா.