கோட்டுப் பையில் இருந்த ஸ்பிரிங்

அன்று அந்தப் பட்டறையில் இருந்தவர்கள்: நான், முதலாளி பீட்டர், மன்னார் ஞானம் அண்ணை, பீட்டரின் கிழட்டு நாய். வேறு ஒருவரும் இல்லை. நாயையும் கணக்கில் எடுப்பதா என்று நீங்கள் கேட்கலாம். நான் எடுக்கிறேன். அன்று நடந்ததை முழுக்கப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது அது ஒன்றுதான்.

போன கிழமை மகள் படிக்குக் கீழே இருக்கிற அலுமாரியைத் துப்புரவாக்கினாள். பழைய உடுப்பெல்லாம் தருமத்துக்கு விற்கிற சரிட்டிக் கடைக்குப் போகிறதாம். என் நீல வேலைக்கோட்டை உதறியபோது பையிலிருந்து ஒரு ஸ்பிரிங் விழுந்து உருண்டது. பேனைக்குள் இருப்பதைவிடக் கொஞ்சம் தடிப்பு, சின்னவிரல் நீளம். "வாட்ஸ் திஸ், அப்பா?" என்றாள். மூக்குக்குக் கிட்டப் பிடித்தேன். கிறீஸ் மணத்தது. அதற்கடியில் ஈர நாயும் மணத்தது போலிருந்தது. இத்தனை வருசத்துக்குப் பிறகு நாய் மணக்குமா? எனக்குத் தெரியாது. மணத்தது.

லண்டன் நோர்பரியில் ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் பீட்டரின் பட்டறை இருந்தது. காற்றுத் துவக்கு திருத்துகிற இடம். பலகையில் குறிவைத்துச் சுடுகிற விளையாட்டுத் துவக்குகள்தான். என்றாலும் துவக்கு துவக்குத்தானே. துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்தவன் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. வந்து சேர்ந்த ஊரில் கிடைத்த வேலை இது. தமிழன், துவக்கு, லண்டன் என்ற மூன்று சொல்லையும் ஒரே வசனத்தில் வைக்க எனக்குத் துணிவில்லை. அதனால் கோயிலில் கேட்பவர்களுக்குச் சைக்கிள் பம்ப் திருத்துகிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன். முழுப்பொய்யும் இல்லை, காற்றோடு மினக்கெடுகிற அலுவல்தானே.

ஞானம் அண்ணைக்கு மட்டும் உண்மை தெரியும். அவர் மோர்டனில் இருந்து வருகிற வாடிக்கையாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கிளப்பில் தகரத் தட்டுகளைச் சுட்டு விழுத்துகிற போட்டிக்குப் போவார். அந்த வெள்ளிக்கிழமை துவக்குப் பையைத் தூக்கிக்கொண்டு முறைப்பாட்டோடு வந்தார்.

"தம்பி, படுது, ஆனா விழுதில்லை. மற்றவங்கட தட்டெல்லாம் தொம் தொம்மெண்டு விழுது. என்ரை மட்டும் தலையை ஆட்டிப்போட்டு நிக்குது, என்ர மனிசி மாதிரி."

கையில் ஒரு புது டப்பா. வழக்கமாகப் போடுவதைவிடப் பாரமான ஈய ரவைகள். இதற்கு ஏற்றமாதிரித் துவக்கைச் சரிப்படுத்தித் தரவேணும்.

இந்த இடத்தில் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்கே இது நேராக விளங்கினதில்லை. அவருடைய துவக்கில் அடைத்த காற்றுக் குழாய் ஒன்று உண்டு. உள்ளே ஒரு ஸ்பிரிங் ஒரு வால்வைத் தட்டும். தட்டுகிற அளவுக்குக் காற்று பாயும், ரவை போகும். வண்டியில் பாரம் கூடினால் மாடும் பலமானதாய் வேணும் என்பது என் மூளைக் கணக்கு. ஆகவே இறுக்கமான ஸ்பிரிங். ஆனால் பீட்டர் முன்பு ஒருநாள் நேர்மாறாகச் சொல்லியிருந்தார். பாரமான ரவை மெதுவாகத்தான் நகரும், குழலுக்குள் கூட நேரம் நிற்கும், காற்றும் கூட நேரம் தள்ளும்; வலு தானாகவே ஏறிவிடும். அதனால் லேசாக அமருகிற மெத்தையான ஸ்பிரிங்தான் போடவேணும். பழைய மாதிரித் துவக்குகளில் இது அப்படியில்லையாம், வேறு மாதிரியாம். நான் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டினேன். குடிவரவு விசாரணை மேசையில் பழகின தலையாட்டல் அது. விளங்காவிட்டால் இன்னும் வேகமாக ஆடும்.

வலு ஏறினால் என்ன என்கிறீர்களா? காற்றுத் துவக்கின் வலுவுக்குப் பன்னிரண்டு என்று சட்டத்தில் ஒரு எல்லை உண்டு. அதற்குக் கீழே என்றால் விளையாட்டுச் சாமான். மேலே போனால் லைசென்ஸ் வேண்டும். இல்லாமல் வைத்திருந்தால் குற்றம். அந்த மாதம்தான் என் பிரஜாவுரிமை விண்ணப்பம் உள்துறை அலுவலகத்தில் கிடந்தது.

மேசையில் இருந்த ஸ்பிரிங் டப்பாவிலிருந்து இரண்டு எடுத்தேன், ஒன்று இறுக்கம், ஒன்று மெத்தை. ஒன்றைப் பூட்டினேன். வேகம் பார்க்கிற மெசினுக்கு ஊடாக ஐந்து தரம் சுட்டேன். ரவையின் பாரத்தை நாங்கள் பொத்தானில் அமத்திக் கொடுத்தால் வலு எவ்வளவு என்று அது சொல்லும். பதினொன்றே சொச்சம். கொப்பியில் எழுதினேன். பீட்டர் பால் வாங்கிவரச் சொன்னார். வாங்கிக்கொண்டு வர, ஞானம் அண்ணை துவக்கோடு போய்விட்டார்.

சனிக்கிழமை காலை மெசினைப் போட்டேன். திரையில் பழைய ரவையின் பாரம் நின்றது. குறைந்த பாரம். பாரத்தைக் குறைத்துக் கொடுத்தால் மெசினும் வலுவைக் குறைத்துத்தான் சொல்லும்.

பாரத்தை மாற்றாமலா நேற்றுச் சுட்டேன்? அப்படியென்றால் உண்மையான வலு பதினொன்றா, பதின்மூன்றா, பதினைந்தா? பெருக்கிப் பார்க்கப் பேப்பர் எடுத்தேன். மூன்று தரம் பெருக்கி மூன்று விடை வந்தது. அத்தோடு எந்த ஸ்பிரிங்கைப் பூட்டினேன் என்பதும் குழம்பியது. இறுக்கமானதைத்தான் என்று கை சொன்னது. நாளைக்குக் கிளப் வாசலில் எல்லாத் துவக்கையும் சோதிப்பார்கள். ஞானம் அண்ணை பிடிபடுவார். திருத்தினது ஆர் என்று கேட்பார்கள். என் பெயர் எழுதப்படும்.

பீட்டரிடம் வயிற்றுக்குத்து என்று சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறி மோர்டனுக்குப் போனேன். கதவைத் திறந்தது ஞானம் அண்ணையின் மனைவி மேரி அக்கா.

"வாரும், வாரும், பம்ப் தம்பி. நல்ல நேரம் வந்தீர். பேரன்ர சைக்கிள் காத்து நிக்குதில்லை, ஒருக்காப் பாருமன்."

பார்த்தேன். வேறு என்ன செய்வது? இருபது நிமிசம் முற்றத்தில் குந்தியிருந்து ட்யூபுக்கு ஒட்டுப் போட்டேன். ஞானம் அண்ணை கடைக்குப் போய் வந்தார்.

"அண்ணை, உங்கட சாமானை ஒருக்காத் தரவேணும்."

அவர் கண்ணைக் காட்டினார். பிறகு சத்தமாக, "ஓ, தூண்டிலோ? எடுத்துக்கொண்டு போம்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. மேரி அக்காவுக்கு விளங்கியது. "இந்த மனிசன் பத்து வருசமா மீன் பிடிக்கப் போகுது தம்பி. ஞாயிறு பின்னேரம் கொண்டுவாற மீனெல்லாம் ஐஸ் போட்டபடி வருது. லண்டன் குளத்தில ஐஸ் மீன்தான் பிடிபடுமாக்கும்."

ஞானம் அண்ணை முகட்டைப் பார்த்தார். நான் சைக்கிளைப் பார்த்தேன். மேரி அக்கா சிரிக்கவேயில்லை. எனக்கும் பம்புக்கும் என்ன சம்பந்தம் என்பதும் அவவுக்குத் தெரிந்திருந்ததோ, அதுவும் தெரியாது.

பட்டறைக்குத் திரும்ப, பீட்டர் நாய்க்குக் காதில் மருந்து விட்டுக்கொண்டிருந்தார். வயிற்றுக்குத்தோடு போனவன் துவக்கோடு வருகிறானே என்று கேட்கவில்லை. மெசினில் பாரத்தைச் சரியாக அமத்தி, இரண்டு தரம் சரிபார்த்துச் சுட்டேன்.

பதினொன்றே சொச்சம்.

கழற்றினேன். உள்ளே இருந்த ஸ்பிரிங்கைப் பெருவிரலால் அமத்தினேன். மெத்தை.

அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். ஒன்று, நான் வெள்ளிக்கிழமையே எல்லாவற்றையும் சரியாகச் செய்திருக்கிறேன், மெசின்தான் இரவு நிற்பாட்டியதும் பாரத்தை மறந்திருக்கிறது. அல்லது நான் பாலுக்குப் போன நேரத்தில் பீட்டர் என் பிழையைக் கண்டு, இறுக்கமானதைக் கழற்றி டப்பாவிலிருந்து வேறொரு மெத்தையானதைப் பூட்டிக் கொடுத்துவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் இருந்திருக்கிறார். மெசினை ஒருக்கா நிற்பாட்டித் திரும்பப் போட்டுப் பார்த்திருந்தால் பாதியாவது தெரிந்திருக்கும். பார்க்கப் பயமாக இருந்தது. ஞானம் அண்ணையைக் கேட்கவும் பயம், கிளப்பில் வாய் விட்டுவிடுவார்.

"ஆல் ரைட்?" என்றார் பீட்டர்.

"யெஸ், யெஸ்."

அந்த ஞாயிறு ஞானம் அண்ணையின் தட்டுகள் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் விழுந்தன. மூன்று மாதத்தில் என் பிரஜாவுரிமைக் கடிதமும் வந்தது. பட்டறைக்குக் கேக் வாங்கிக்கொண்டு போனேன். பீட்டர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று கேட்டிருக்கலாம். கேட்டால் அது பிழையை ஒப்புக்கொள்வதாகிவிடும் என்று, கடவுச்சீட்டு இன்னும் கைக்கு வரவில்லையே என்று, வாயை மூடினேன். நன்றி சொல்லவேண்டிய மனிதனுக்கு நன்றி சொல்லாமல் விட்டேனா, செய்யாத உதவிக்கு இத்தனை வருசமாய்க் கடன்பட்டவன் போலத் திரிகிறேனா என்பது இன்றைக்கும் தெரியாது.

இப்போது இந்த ஸ்பிரிங். பூட்டினது போக மிஞ்சினதைக் கோட்டுப் பைக்குள் போடுவது என் பழக்கம், அந்தப் பதற்றத்தில் பையைத் தடவிப் பார்க்கத் தோன்றவில்லை. அன்று எடுத்த இரண்டில் மிஞ்சினது இதுதான். இது இறுக்கமானது என்றால், நான் பூட்டியது மெத்தை, பிழையே நடக்கவில்லை. இது மெத்தை என்றால், இறுக்கத்தைப் பூட்டினவன் நான், மாற்றினவர் பீட்டர்.

மேசையில் நிறுத்திப் பெருவிரலால் அமத்தினேன். இறுக்கமாக இருந்தது. மகளிடம் கொடுத்தேன்.

"சோஃப்ட் தானே, அப்பா" என்றாள்.

என் விரலில் இப்போது வாதம். அவள் விரல் இளசு. இறுக்கம், மெத்தை என்பதெல்லாம் பக்கத்தில் மற்றதை வைத்து அமத்திப் பார்த்தால்தான் தெரியும். மற்ற ஸ்பிரிங்குகள் இருந்த டப்பா இல்லை. டப்பா இருந்த மேசை இல்லை. பட்டறை இருந்த இடத்தில் ஃபோன் கவர் விற்கிறார்கள். ஞானம் அண்ணை துவக்கை விற்றுவிட்டு மகனோடு கனடாவில். பீட்டர் போய் ஆறு வருசம், நாய் அதற்கும் முன்னம்.

கோட்டு சரிட்டிக்குப் போய்விட்டது. ஸ்பிரிங் மேசையில் நிற்கிறது. போகவர அமத்திப் பார்க்கிறேன். காலையில் இறுக்கமாக இருக்கிறது, பின்னேரத்தில் மெத்தையாகிவிடுகிறது.