தலைக்கயிறு பிடித்தவரின் கெண்டைக்கால்

எமிலியானுஸ் இருபத்தாறு தடவை ஆண்டவரை ஒழுங்காகச் சாகடித்தவர். இருபத்தேழாவது தடவை ஆண்டவர் செத்த பிறகு தலையைத் தூக்கிச் சனத்தைப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்துதான் கேடு தொடங்கியது.

பேசாலைக்கு அடுத்த எங்கள் சிற்றூரில் பெரிய வெள்ளி பின்னேரம் பாஸ் என்கிற பாடுகளின் நாடகம் நடக்கும். ஆண்டவரின் பாடுகளை மனிதர்கள் நடிப்பதில்லை, ஆளுயர மர உருவங்கள் நடிக்கும். அவற்றை உடக்கு என்போம். மேடைப் பலகைக்குக் கீழே, நிமிர்ந்து நிற்க முடியாத இடுக்கில், ஏழெட்டுப் பேர் குந்தியிருந்து கயிறுகளை இழுப்பார்கள். யூதாசின் கையை ஆட்ட யாரும் வரலாம். பிலாத்துவைக் கை கழுவ வைக்க ஒரு குடிகாரனே போதும். ஆண்டவரின் தலைக்கயிறு மட்டும் அப்படியல்ல. சிலுவையில் ஏற்றிய நேரத்திலிருந்து அந்தக் கயிற்றை இறுக்கிப் பிடித்தபடி இருக்க வேண்டும். மேடையோரம் நின்று பாடுகளை வாசிக்கும் வாசகர் ஆண்டவரின் கடைசி வார்த்தையை முடித்ததும் ஐந்து எண்ணுகிற நேரத்தில் மெல்ல மெல்லத் தளர்த்த வேண்டும். தலை வலது தோளில் வந்து சாயும். அந்த இடத்தில் அழாதவர் எங்கள் ஊரில் பிறக்கவில்லை. பிறந்தவர்கள் கனடாவுக்குப் போய்விட்டார்கள்.

கயிறு பிடிக்கிறவர்கள் பெரிய வெள்ளி விடிந்ததிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். பாதரிடம் கேட்டால் நோன்பு என்பார்கள். மேடைக்குக் கீழே மூன்று மணித்தியாலம் மூத்திரத்தை அடக்க வேண்டும், வெளியே வந்தால் சனம் சிரிக்கும் என்பதுதான் உண்மை. எமிலியானுஸ் எல்லாரிலும் கண்டிப்பானவர். வியாழன் இரவே குடத்துக்கு முதுகைக் காட்டிவிடுவார்.

மூன்று வருடத்துக்கு முன்னர் கிளினிக்கில் அவருக்குப் பிறசர், அதாவது இரத்த அழுத்தம், இருப்பது பிடிபட்டது. தாதி சுவேதினி அளந்து பார்த்துவிட்டு மெசின் பழுது என்று வேறொன்று கொண்டுவந்தாள். அதுவும் அதே கணக்கைச் சொன்னது. மூன்றாவது மெசினுக்கு மன்னாருக்கு ஆள் அனுப்பினார்கள் என்று நான் சொல்வேன். அவர் மனைவி றோசம்மா இல்லையென்பாள். எப்படியோ, உடம்பிலுள்ள உப்பையும் நீரையும் மூத்திரத்தோடு இறக்குகிற குளிசை ஒன்றைக் கொடுத்தார்கள். தண்ணிக் குளிசை என்று ஊரில் பெயர். பிறசர் இறங்கியது. கூடவே கெண்டைக்கால் இழுக்கத் தொடங்கியது.

அவருடைய தொழில் கிழிந்த வலை பொத்துவது. நிலத்தில் காலை நீட்டி, வலையின் கண்ணை வலக்காற் பெருவிரலில் கொழுவி இழுத்துப் பிடித்தபடிதான் பொத்துவார். விரலை முன்னால் நீட்டியபடி மணிக்கணக்காக இருந்தால் சும்மாவே கால் பிடிக்கும். தண்ணிக் குளிசையும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும். சதை சுருண்டு தேங்காய் அளவில் முழங்காலை நோக்கி ஓடும். முதன்முதல் இழுத்த அன்று அவர் கத்திய கத்தலில் தலைமன்னார் ரயில் ஐந்து நிமிடம் முன்னதாகவே புறப்பட்டதாகச் சொல்கிறார்கள். நான் மிகைப்படுத்துகிறவள் அல்ல. மூன்று நிமிடம்தான்.

இப்படி இருக்கும்போதுதான் போன வருடத்துக்கு முந்தின வருடத்துப் பாஸ் வந்தது. வாசகர் கடைசி வார்த்தையை வாசித்தார். எமிலியானுஸ் ஐந்து எண்ணித் தளர்த்தினார். தலை அழகாகத் தோளில் சாய்ந்தது. பெண்கள் மூக்கைச் சிந்தத் தொடங்கிய அந்த நேரம் பார்த்து வலக்கெண்டை இழுத்தது. கத்தாமல் பல்லைக் கடித்தவர், கையிலிருந்த கயிற்றைத் தன்னையறியாமல் வெட்டி இழுத்துவிட்டார். செத்த ஆண்டவர் சடாரென்று நாடியைத் தூக்கி எங்களையெல்லாம் ஒரு தரம் பார்த்தார்.

பிறகு ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"மூண்டு நாள் மட்டும் பொறுக்க ஏலாமல் போச்சுது அவருக்கு."

அழுத கண்ணோடேயே சனம் சிரித்தது. நானும் சிரித்தேன். அதை இங்கே எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

ஒரு வருடம் அந்தச் சிரிப்பு நிற்கவில்லை. பாண் வாங்கப் போனால், ஆண்டவர் எழும்பிவிட்டாரோ என்று கேட்பார்கள். மீன்வாடியில், எமிலியானுஸ் தொட்டால் கருவாடும் நீந்தும் என்றார்கள். இன்னொரு தடவை பிழை விட்டால் கயிறு மில்ரனுக்கு என்று பாஸ் குழு தீர்த்துச் சொன்னது. மில்ரன் நாற்பது வயதுக்காரன், ஆண்டவரின் வலக்கைக் கயிற்றைப் பிடிப்பவன், இவருக்குப் பக்கத்திலேயே குந்தியிருப்பவன். நல்லவன்தான். நல்லவனாக இருந்ததுதான் எமிலியானுஸுக்குப் பொறுக்கவில்லை.

டொக்டரிடம் கால் இழுப்பைச் சொல்லுங்கள் என்ற ஒரு வசனத்தில் இந்தக் கதையை முடித்திருக்கலாம். அதை நானே அவரிடம் போய்ச் சொன்னேன். எனக்கும் அதே பிறசர், அதே குளிசை, அதே இழுப்பு. பள்ளிக்கூடத்தில் கத்திப் பழகிய எனக்கு வெட்கம் குறைவு என்பதால் கிளினிக் முழுக்கக் கேட்கும்படி டொக்டரிடம் சொன்னேன். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பொட்டாசியம் குறைந்திருந்தது. குளிசையை மாற்றித் தந்தார்கள். எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று அளவு சொன்னார்கள். படுக்கப் போகுமுன் சுவரைப் பிடித்து, குதியை நிலத்தில் ஊன்றி, கெண்டையை இழுத்து நிற்கச் சொன்னார்கள். வாழைப்பழமும் இளநீரும் நல்லதுதானே என்று கேட்டதற்கு, சில குளிசைகளோடு அவை அளவுக்கு மிஞ்சினால் கூடாது, கேட்காமல் தொடங்க வேண்டாம் என்று சுவேதினி தடுத்தாள். இரண்டு கிழமையில் இழுப்பு நின்றது.

எமிலியானுஸ் வலையிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்கள் சொல்லலாம் ரீச்சர். நீங்கள் என்ன கயிறே பிடிக்கிறனீங்கள்?"

"டொக்டர் என்ன, உங்கடை கயித்தையே பறிக்கப் போறார்?"

"கால் சரியில்லை எண்டு அந்த ஹோலிலை ஒருக்காச் சொன்னாக் காணும். நான் வீட்டை வந்து சேர முந்தி மில்ரனுக்கு அது போயிடும்."

கிளினிக் ஹோல் அப்படிப்பட்டது. டொக்டரின் மேசைக்கு நாலு முழம் தள்ளி, காத்திருக்கிறவர்கள் இருக்க வாங்கில் போட்டிருக்கும். ஒருவருக்கு மூலம் என்றால் பத்துப் பேர் அனுதாபப்படுவார்கள்.

தவக்காலம் வந்தது. எங்கள் சனம் தவக்காலத்தில் எதையாவது ஒறுக்கும். ஒருவர் சுருட்டை விடுவார், ஒருத்தி சீனியை விடுவாள். வலி வந்தால் அதை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுப்பதும் உண்டு. எமிலியானுஸ் தன் கெண்டைக்காலை ஒப்புக்கொடுத்துவிட்டதாக றோசம்மாவிடம் சொன்னார். டொக்டரிடம் போய் முறையிட்டால் ஒப்புக்கொடுத்தது செல்லாது என்றும் சொன்னார். இதை எந்தச் சுவாமியாரும் அவருக்குப் படிப்பிக்கவில்லை. பெருமை, பக்திச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தால் வீட்டுக்காரிக்கே அடையாளம் தெரிவதில்லை.

நோன்பின் நடுவில் ஒத்திகை. குந்தி இருந்து பத்து நிமிடம் போகவில்லை, கால் இழுத்தது. கயிறு வெட்டியது. தலை ஆடியது. மில்ரன் கண்டான். கண்டும் காணாதவன் மாதிரி மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த இரக்கம்தான் அவரைச் சுட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தவர் அடுத்த நாளிலிருந்து தண்ணிக் குளிசையைப் போடவில்லை. காலையில் றோசம்மா கையில் வைத்ததும் வாயில் போடுவார், நாக்குக்குக் கீழே ஒதுக்குவார், அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் வலைமிதப்புகள் கிடக்கிற தகரத்துக்குள் துப்புவார்.

பிசாசு வேறெங்கும் இல்லை, அதற்குப் பிறகு வந்த சுகத்தில்தான் இருந்தது. குளிசையை நிறுத்திய சில நாட்களில் இழுப்புக் குறைந்தது. பத்து நாளில் இல்லாமலே போனது. ஆண்டவர் இரங்கிவிட்டார் என்று எமிலியானுஸ் மெழுகுதிரி கொளுத்தினார். கெண்டைக்கால் ஊருக்கே கேட்கக் கத்தும், பிறசர் கத்தாது. சத்தமில்லாமல் ஏறிக்கொண்டே போகும் அதற்கு யார் மெழுகுதிரி கொளுத்துவது?

பெரிய வெள்ளிக்கு மூன்று நாளைக்கு முன் கிளினிக் தவணை. நானும் அன்று வரிசையில் இருந்தேன். சுவேதினி அளந்தாள். இன்னொரு தடவை அளந்தாள்.

"ஐயா, குளிசை ஒழுங்காப் போடுறனீங்களோ?"

"ஓம் பிள்ளை. நாள் தவறாமல்."

"இவ்வளவுக்கு ஏறியிருக்கே."

"வெயிலுக்குள்ளாலை நடந்து வந்தனான்."

டொக்டர் கிளினிக் கொப்பியைப் பார்த்தார். கால் வலி, கால் இழுப்பு, தலைச்சுற்று ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். எமிலியானுஸ் வாய் திறந்தார். திறந்தவர் பின்னால் பார்த்தார். முதல் வாங்கிலில் மில்ரன் தன் தாயின் கைப்பையை மடியில் வைத்தபடி இருந்தான். இவர் பார்ப்பதைக் கண்டு சிரித்துத் தலையசைத்தான்.

"இல்லை டொக்டர். ஒண்டுமில்லை."

டொக்டரில் என்ன குற்றம்? குளிசை போட்டும் பிறசர் ஏறியிருக்கிறது என்றால் குளிசையின் அளவு காணாது என்றுதானே எவரும் நினைப்பார். அளவை இரண்டு மடங்காக்கி எழுதினார். எமிலியானுஸ் பைக்கற்றை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். அன்று நான் அவரை மறித்திருக்கலாம். வரிசையை விட்டால் என் இடம் போய்விடும் என்று இருந்துவிட்டேன்.

பெரிய வெள்ளி. வெயில் மணலை வறுத்துக்கொண்டிருந்தது. வியாழன் இரவிலிருந்து வாயில் தண்ணீர் படாமல் எமிலியானுஸ் மேடைக்குக் கீழே ஊர்ந்து போனார். தலையிடிக்கிறது என்று காலையில் சொன்னாராம். தேத்தண்ணி குடிக்காத இடி என்று றோசம்மா நினைத்தாள்.

மேலே எல்லாம் சரியாகவே நடந்தது. ஆண்டவர் விழுந்தார், எழுந்தார், அறையப்பட்டார். தலை அசையாமல் நிமிர்ந்து நின்றது. ஊர் முழுக்க ஆண்டவரை விட்டுவிட்டு அந்தக் கழுத்தையே பார்த்தது. வாசகர் கடைசி வார்த்தைக்கு வந்தார். அவர் வாசித்து முடிக்கவில்லை, இன்னும் ஒரு சொல் இருந்தது. அதற்குள் தலை விழுந்தது. மெல்லச் சாயவில்லை. உயிர் போன மனிதனின் தலை எப்படி விழுமோ அப்படியே, முழுப்பாரத்தோடு, நெஞ்சில் விழுந்தது. மர உருவம் என்று தெரிந்த நாங்களே ஐயோ என்று எழும்பிவிட்டோம். வாசகர் மிச்சச் சொல்லை விழுங்கிவிட்டார். அப்படி ஒரு சாவை எங்கள் ஊர்ப் பாஸ் கண்டதில்லை.

சனம் கலைந்து, பாராட்ட என்று குழு மேடைக்குப் பின்னால் போனபோது மற்றவர்கள் வெளியே வந்திருந்தார்கள். மில்ரன் மட்டும் கீழே இருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பலகையைக் கழற்றித்தான் எமிலியானுஸைத் தூக்கினார்கள். கண் திறந்திருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலப்பக்கம் முழுக்கத் துணி மாதிரித் தொங்கியது.

பாரிசவாதம் என்று மன்னார் ஆசுப்பத்திரியில் சொன்னார்கள். என்ன குளிசை போடுகிறவர் என்று கேட்டதற்கு, றோசம்மா எல்லாவற்றையும் தேடி எடுத்துப்போக என்னோடு வீட்டுக்கு வந்தாள். மிதப்புத் தகரத்தைக் கவிழ்த்தாள். உமிழ்நீரில் கரைந்து ஒட்டிய குளிசைகள் நிலத்தில் கொட்டின. அவள் அழவில்லை. ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சீலைத்தலைப்பில் முடிந்தாள்.

"இஞ்சருங்கோ, வாயைத் திறவுங்கோ எண்டு ஒரு நாளும் கேட்கேல்லையே ரீச்சர் நான்" என்றாள். அவ்வளவுதான்.

ஒரு கிழமை கழித்து மில்ரன் என் படலையடிக்கு வந்தான். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"ரீச்சர், அண்ணை கயித்தை விடேல்லை. கைதான் உயிரில்லாமல் போட்டுது. நான் பக்கத்திலை இருந்தனான். கயிறு ஓடுறதைப் பிடிக்கப் பாத்தனான், ஏலேல்லை."

"ஆருக்கும் சொன்னனியோ?"

"இல்லை. சொல்லவும் மாட்டன். சனம் எல்லாம் அவற்றை கைவண்ணம் எண்டுதான் கதைக்குது. அது அப்படியே கிடக்கட்டும்."

நிற்காமல் இன்னொன்றும் சொன்னான்.

"கிளினிக்கிலை டொக்டர் கேட்டதும் அவர் என்னைத் திரும்பிப் பாத்தவர். ஏனெண்டு எனக்கு விளங்கினது. எழும்பி வெளியிலை போயிருக்கலாம் நான். அம்மாவின்ரை நம்பர் கூப்பிடப்போகினம் எண்டு இருந்திட்டன்."

எனக்கும் அதே வரிசை, அதே பயம். அதை அவனிடம் நான் சொல்லவில்லை.

இந்த வருடம் மில்ரன் கயிறு பிடித்தான். ஐந்து எண்ணி, ஒரு குறையுமில்லாமல், மெல்லச் சாய்த்தான். திரும்பி நடந்த சனம், என்ன இருந்தாலும் எமிலியானுஸின் போன வருடத்துச் சாவு போல வராது என்றது. பாரிசவாதத்தோடு போட்டி போட யாரால் முடியும்? பாண் கடையிலும் இப்போது அவர் பெயரை மரியாதையோடுதான் சொல்கிறார்கள். அவர் கேட்க ஆசைப்பட்டதெல்லாம் அதுதான்.

அவருக்கு இப்போது பேச்சு இல்லை. ஒரேயொரு சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பசிக்கிறதா என்றாலும் அதுதான், செத்துப்போகவா என்றாலும் அதுதான். குளிசையை மாற்றிவிட்டார்கள். றோசம்மா தூளாக்கிக் கரண்டியில் கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லி, நாக்குக்கு அடியில் விரல் விட்டுப் பார்க்கிறாள்.

போன மாதக் கிளினிக்கில் அவரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். புது டொக்டர், இளம் பெண். பின்னாலிருந்த வாங்கில்களில் வழமைபோல ஊர் இருந்தது. கொப்பியைப் புரட்டியபடி, எல்லாரிடமும் கேட்பதை அவரிடமும் கேட்டாள்.

"ஐயா, கால் இழுக்கிறது ஏதும் இருக்கோ?"

எமிலியானுஸ் தன் வலக்காலைப் பார்த்தார். பலகையில் கட்டி வைத்திருந்த அந்தக் கால் ஒரு வருடமாக எதையும் செய்ததில்லை.

"ஓம்" என்றார், ஹோல் முழுக்கக் கேட்க.

"இல்லை டொக்டர், அவர் இப்ப எல்லாத்துக்கும் ஓம் தான்" என்றாள் றோசம்மா.

சுவேதினி எழுதத் தூக்கிய பேனையை மேசையில் வைத்தாள்.