நாவக்கொல்லை பச்சையம்மாவின் படம்

ராஜாக்கண்ணுவுக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. ஜமுனாமரத்தூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பதினான்கு வருஷமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறவர், அதில் பதின்மூன்று வருஷத்தை நின்றபடியே ஓட்டியிருப்பார். கம்ப்யூட்டர் அரை நிமிஷம் பொறு என்றால், அதற்குள் வாசல் வரை போய் எட்டிப் பார்த்து, காமிராக் கண்ணாடியைத் துடைத்து, திரும்பி வந்து இன்னும் முடியவில்லையா என்று அதைத் திட்டியும் விடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை கம்ப்யூட்டர் மூன்று மணி நேரம் தண்ணி காட்டியது.

காலை பத்து மணிக்கே நாவக்கொல்லையிலிருந்து கவியா வந்துவிட்டாள். அவள் அம்மா பச்சையம்மா இறந்து பதினாறாம் நாள். பொழுது சாய்வதற்குள் வீட்டில் காரியம். படத்தை வைத்து, மாலை போட்டு, சாமைச் சோறு படைக்க வேண்டும். அந்த அம்மாளுக்குத் தனியாக ஒரு படம் கிடையாது. ஆறு வருஷத்துக்கு முன்னால் கவியாவின் கல்யாணத்தில் ராஜாக்கண்ணு எடுத்த குடும்பப் படம்தான் இருந்தது. அதிலிருந்து அம்மாளை மட்டும் பிரித்தெடுத்துப் பெரிதாக்கித் தருகிறேன் என்று போன வாரமே சொல்லியிருந்தார்.

நியாயமாகப் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமையே முடிந்த வேலை. நம்ம ஆளுக்குத்தான் கை சும்மா இருக்காதே. பின்னணியை நீலமாக்கினார், அது பிடிக்காமல் பச்சையாக்கினார். புடவைக் கரையைத் துலக்கினார். மூக்குத்தியில் ஒரு மினுக்கு வைத்தார், பிறகு அதை எடுத்தார். எல்லாம் முடிந்து, படத்தை அச்சுக்குப் போகும் கோப்பாக மாற்ற எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்தியது கவியா வந்து உட்கார்ந்த பிறகுதான்.

திரையில் ஒரு கோடு பாதி தூரம் ஓடி நின்றது. ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. படத்தை எழுத முடியவில்லை, காரணம் தெரியவில்லை என்று அதற்குப் பொருள். காரணம் தெரியாதவன் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதானே என்று ராஜாக்கண்ணுவுக்குக் கோபம் வந்தது. மறுபடி அழுத்தினார். அதே வரி.

"இன்னாண்ணா, முடிஞ்சிதா?" என்றாள் கவியா.

"தோ, ஆயிடும்மா. ஒரு ரெண்டு நிமிசம்."

அந்த இரண்டு நிமிஷத்தைப் பன்னிரண்டு மணி வரை இழுத்தார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். இடம் போதவில்லையோ என்று பழைய திருவிழா வீடியோக்களை அழித்தார். படத்தின் அளவைக் குறைத்துப் பார்த்தார். வேறு வகைக் கோப்பாக மாற்றிப் பார்த்தார். பென் டிரைவைச் செருகி, பழக்கதோஷத்தில் அதிலும் வழக்கமான போல்டர்களை வரிசையாகப் போட்டு, அதற்குள் அனுப்பிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான், காரணம் தெரியவில்லை.

ஒன்றரை மணி பஸ்ஸை விட்டால் நாவக்கொல்லைக்கு அடுத்த பஸ் ஆறு மணிக்கு. கவியா நாற்காலியை விட்டு எழுந்து வாசலில் நின்றாள். ராஜாக்கண்ணுவும் வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தார். இரண்டு பேரும் மாறி மாறிக் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அவள் ஒரு வார்த்தை கடிந்து பேசியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மனசுக்குள் அவர் தன்னையே போட்டு அடித்துக்கொண்டார்.

கடைசியில் வேலூரில் கலர் லேப் வைத்திருக்கும் மோகனுக்குப் போன் போட்டார். இருவரும் கண்ணமங்கலத்தில் ஒன்றாகத் தொழில் கற்றவர்கள். மோகன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எந்த எடத்துல சேவ் பண்ற? இருக்கறத அப்படியே படி," என்றான்.

ராஜாக்கண்ணு படிக்க ஆரம்பித்தார். "கல்யாண வேலைகள், அதுக்குள்ள நாவக்கொல்லை கிராமம், அதுக்குள்ள ஓடைய தாண்டி மூணாவது வூடு பெரிய பலாமரம் எதிர்ல, அதுக்குள்ள தங்கவேல் சம்சாரம் பச்சையம்மா அப்பா பேரு கோபால்சாமி மேல்கொல்லைக்காரர், அதுக்குள்ள மகள் கவியா கல்யாணம் குடும்பப் படம், அதுக்குள்ள அம்மா காரியத்துக்குப் பிரிச்செடுத்தது கடைசித் திருத்தம், அதுக்குள்ள படத்தோட பேரு, நாவக்கொல்லை தங்கவேல் சம்சாரம்..."

"நிறுத்து, நிறுத்து," என்றான் மோகன். "நீ படத்துக்குப் பேரு வெக்கிறியா, லெட்டருக்கு அட்ரஸ் எழுதறியா? எல்லாத்தையும் சேத்துப் பாத்தா எவ்ளோ நீளம் வருது. அதுக்கு ஒரு கணக்கு கீதுடா. அதுக்கு மேல போனா கம்ப்யூட்டர் எழுதாது."

"பேரு நீளம்னு சொல்லித் தொலைச்சா இன்னாவாம் அதுக்கு?"

"சுருக்கமா ஒரு பேரு போட்டு, டெஸ்க்டாப்புல வுடு. போயிடும்."

கேட்பதற்குச் சுலபம்தான். ராஜாக்கண்ணு நீளமாகப் பெயர் வைப்பது ஆசைக்கு அல்ல. இந்த மலையில் பச்சையம்மா இல்லாத ஊர் கிடையாது, சில ஊரில் நாலு பேர். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பச்சையம்மாவின் காரியத்துக்கு, பக்கத்து ஊர்ப் பச்சையம்மாவின் படத்தைச் சட்டம் போட்டுக் கொடுத்துவிட்டார். வாங்கிப்போன ஆளும் உறையைப் பிரிக்காமல் கொண்டுபோய்க் கூட்டத்துக்கு நடுவில் பிரித்தான். மறுநாள் உயிரோடு இருந்த பச்சையம்மா கடைக்கு நேரில் வந்து, "நான் செத்தா பூட்டேன்? நல்லா பாத்து சொல்லு," என்று கேட்டாள். சத்தம்கூடப் போடவில்லை. அந்தக் கேள்வியிலிருந்து அவர் இன்னும் மீளவில்லை. அன்று முதல் ஊர், வீடு, மரம், புருஷன், அப்பன் என்று சாட்சிகளோடுதான் எந்தப் படமும் அவர் கம்ப்யூட்டருக்குள் போகும்.

இப்போது அத்தனை சாட்சியையும் அழிக்கச் சொல்கிறான் மோகன். டெஸ்க்டாப்பைத் தேர்ந்தெடுத்து, 'பச்சையம்மா' என்று மட்டும் தட்டினார். அழுத்தினார். கோடு ஓடியது, பாதியைத் தாண்டியது, முழுதாய் முடிந்தது.

அச்சில் தாள் வெளியே வந்ததும், காயும் முன்பே விளிம்பைப் பிடித்துக் கவியாவிடம் தூக்கிக் காட்டினார். "உங்க அம்மாதானே? நல்லா பாத்துச் சொல்லு தாயி."

"எங்கம்மாதாண்ணா," என்றாள். அதற்குமேல் அவளால் பார்க்க முடியவில்லை.

சட்டம் போட்டு முடிப்பதற்குள் ஒன்றரை மணி பஸ் அவர்கள் கண்ணெதிரே கிளம்பிப் போனது. ராஜாக்கண்ணு கடையைப் பூட்டினார். "ஏறு, நானே வுட்டுட்டு வர்றேன்," என்று வண்டியை எடுத்தார். படத்தைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கவியா பின்னால் உட்கார்ந்தாள். மலைப்பாதை வளைவுகளில் பத்துத் தடவையாவது, "படம் பத்திரமா?" என்று கேட்டிருப்பார்.

போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட்டு உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நேரம் இருந்தது. அப்பாடா என்று ராஜாக்கண்ணு முகத்தைத் துடைத்துக்கொண்டார். கவியா துண்டைப் பிரித்து, படத்தை அப்பாவின் கையில் கொடுத்தாள். தங்கவேல் அதை வெளிச்சத்துக்குத் திருப்பி வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா கீதா பெரியவரே?" என்று கேட்டார் ராஜாக்கண்ணு. வாங்கிக்கொண்டு பேசாமல் இருப்பவர்களை அவரால் தாங்க முடியாது.

"நல்லாத்தான் கீது. கல்யாணப் படத்துல பக்கத்துல நான் நின்னேனே தம்பி?"

"ஆமாங்க. உயிரோட இருக்கறவங்கள மாலை போடற படத்துல வெக்கக் கூடாதுங்க. அதான் எடுத்துட்டேன்."

"இது சந்தைக்குக்கூடத் தனியா போனதில்ல," என்றார் தங்கவேல். கட்டைவிரலால் கண்ணாடியின் ஓரத்தைத் தடவினார். அந்தப் பக்கத்தில் ராஜாக்கண்ணு நிரப்பிய பச்சை நிறம்தான் இருந்தது. "என்னைய எடுத்துட்டேன்னியே, அத அழிச்சிட்டியா?"

"இல்லைங்க. முழுப்படம் அப்படியே கீது."

"அப்ப பத்திரமா வெச்சிரு. எனக்குன்னு படம் கேட்டு கவியா உன் கடைக்கு வர்ற அன்னிக்கு, புதுசா ஒண்ணும் செய்யாத. ரெண்டு பேரையும் சேத்தே குடுத்துடு."

கவியா படத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ராஜாக்கண்ணு வண்டிச் சாவியைப் பையில் போட்டார். தங்கவேலுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.