பாவாயி கொடுத்த இரத்தம்

என் தங்கை பாவாயி, புருஷன் போன பிறகு குமாரபாளையத்தில் தறி ஓட்டி மகள் தனப்பிரியாவைப் படிக்க வைத்தாள். பங்காளிகள் பிடித்துவைத்திருந்த விவசாயக் காட்டை மீட்டாள்.

போன வருஷம் கர்ப்பப்பையில் புற்றுநோய் வந்தது. அரிதான வகை, வேகமாகப் பரவுமாம். இதற்குக் காரணமான மரபணு மாற்றம் பிறவியிலேயே இருந்ததா என்று இரத்தத்தில் பார்க்க வேண்டும், இருந்தால் மகளுக்கும் இருக்கலாம் என்றார் டாக்டர். அப்போதுதான் தனப்பிரியாவைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

“மாப்பிள்ளை ஊட்டுக்குத் தெரிஞ்சா கட்டுவாங்களா? கல்யாணம் முடியட்டும் சாமி,” என்றாள் என் மனைவி.

“முடிஞ்சப்புறம் அவளுக்கும் வந்தா? சீர் கொண்டாந்து எறக்குவீங்களா நங்கை?” என்று அண்ணியைக் கேட்டாள் பாவாயி.

இரத்தப் பரிசோதனைக்கான சம்மதத்தில் கைநாட்டு வைக்க நர்சம்மா மை கொண்டுவந்தார். பாவாயி பேனாவைக் கேட்டு வாங்கி, மகள் சொல்லிக்கொடுத்திருந்தபடி தன் பெயரை எழுதினாள். அவள் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்ட நாள் 2024 ஆகஸ்ட் 21.