கீழ்வீட்டு பிமல்தாவின் சம்மதம்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. எங்கள் தெருவுக்கே வந்தார். பக்கத்தில் தேர்தல் எதுவும் இல்லை. தெருவில் வெள்ளம் நிற்கவில்லை. திறந்துவைக்கப் புதிதாக எதையும் கட்டி முடிக்கவும் இல்லை. பிறகு எதற்கு வந்தார்? சட்டசபைக் கூட்டத்தொடர் முடிந்துவிட்டதாம். என்னென்ன மசோதாக்கள் நிறைவேறின என்று தொகுதி மக்களிடம் நேரில் சொல்லப்போகிறாராம்!

"பிள்ளையே ரிப்போர்ட் கார்டை வீட்டுக்குக் கொண்டாந்து காட்டுதா? நம்ப முடியலையே" என்றார் என் கணவர் முத்து. துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். மதுரைக்குத் திரும்பலாம் என்று வருஷா வருஷம் சொல்லிக்கொண்டே கொல்கத்தாவில், அதுவும் இந்த பெஹாலாவில், நன்றாக ஊன்றிவிட்டவர். கூடவே நானும்.

நம்ப முடியவில்லை என்று சொன்னாரே தவிர, கூட்டத்தில் முதல் வரிசையில் முதல் நாற்காலியைப் பிடித்ததும் அவர்தான். அதற்குக் காரணம் இருக்கிறது.

எங்கள் ஃப்ளாட் சங்கத்துக்கு என் கணவர்தான் செயலாளர். முழுக்க வங்காளிகள் குடியிருக்கிற கட்டடத்துக்கு ஒரு தமிழர் எப்படிச் செயலாளர் ஆனார் என்று கேட்காதீர்கள். இங்கே இரண்டு வங்காளிகள் ஒரு பதவிக்கு நின்றால் மூன்று கட்சி உருவாகும். அந்தத் தகராறே வேண்டாம், தமிழர் என்றால் பொதுவான ஆள் என்று இவர் தலையில் கட்டிவிட்டார்கள். இவரும் பெருமையாக வாங்கிக்கொண்டார்.

செயலாளரின் ஒரே தலைவலி — லிஃப்ட். தரைத்தளத்துக்கு மேல் நாலு மாடி உள்ள எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. கட்டிய காலத்தில் எல்லாருக்கும் முழங்கால் நன்றாக இருந்தது. இப்போது வெளிப்புறமாக ஒட்டி ஒரு லிஃப்ட் வைக்கலாம் என்றால், எல்லா உரிமையாளர்களும் சம்மதிக்க வேண்டும் என்பது விதி. ஒருவர் பாக்கி இல்லாமல் எல்லாரும்.

இதில் யாருக்கு என்ன அவசரம்? நாலாவது மாடி ஷிப்ராதிக்கு அவசரம். 'தி' என்றால் இங்கே அக்கா, 'தா' என்றால் அண்ணன், 'பௌதி' என்றால் அண்ணி. ஷிப்ராதி எனக்கு இந்த ஊர் கொடுத்த அக்கா. வங்காளி மீன் வாசனைக்கு நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு அலைந்த காலத்தில், எனக்காகத் தனியாக வெங்காயம்கூடச் சேர்க்காமல் கிச்சடி செய்து அனுப்பியவர். தெருவின் துர்கா பூஜையில் அவர் இல்லாமல் எதுவும் நடக்காது. கடைசி நாளில் அம்மனுக்கு வெற்றிலையால் முகம் துடைத்து, இனிப்பு ஊட்டி, வழியனுப்புகிற சடங்கை முதலில் தொடங்குவது அவர்தான்.

தொடங்குவது என்றா சொன்னேன்? தொடங்கியது. இடுப்பில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவரால் படி இறங்க முடியவில்லை. டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் தெருப் பையன்கள் நாற்காலியோடு தூக்கி இறக்குவார்கள். பூஜைக்கும் அப்படியே தூக்கி வருகிறோம் என்றதற்கு அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"ஆஸ்பத்திரிக்கு என்னை மூட்டையா தூக்கிட்டுப் போங்க. அம்மாவைப் பார்க்க நான் மூட்டையா வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். பூஜை நாட்களில் நாலாவது மாடி வராந்தாவில் நல்ல புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்து, பந்தலின் மேல் துணியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அம்மன் துணிக்கு அந்தப் பக்கம். நான் கீழே நின்றுகொண்டு அண்ணாந்து கையசைப்பேன். 

எல்லாரும் சம்மதித்தாகிவிட்டது. ஒருவரைத் தவிர. தரைத்தளத்து பிமல்தா.

கல்லூரியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். தங்கமான மனிதர். யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் முதலில் மருந்து வாங்கிக் கொடுத்தனுப்புவார். ஆனால் லிஃப்ட் என்ற வார்த்தையைக் காதில் வாங்கினால் போதும், முகம் மாறிவிடும். லிஃப்ட் வந்தால் அவருடைய சமையலறை ஜன்னல் இருட்டாகிவிடுமாம். என் கணவர் காகிதத்தோடு போவார், டீ குடித்துவிட்டு அதே காகிதத்தோடு திரும்பி வருவார். டீ மட்டும் ஒருநாளும் தவறியதில்லை.

இந்த நிலைமையில்தான் எம்.எல்.ஏ. வருகிறார் என்ற செய்தி வந்தது. அடுக்குமாடிச் சட்டத்தில் ஏதோ மாற்றமாம் என்று காற்றுவாக்கில் கேள்விப்பட்டதிலிருந்து என் கணவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

கூட்டம் எங்கள் கட்டடத்து வாசலிலேயே. ஆறு மணிக்கு என்றார்கள், ஏழு மணிக்கு ஆரம்பித்தது. முதலில் வரவேற்புப் பாட்டு. பிறகு எம்.எல்.ஏ.வின் தோளில் அங்கவஸ்திரம். பிறகு இன்னொரு பாட்டு, ஏனென்றால் முதல் பாட்டில் பாட முடியாமல் போன பெண்ணின் அப்பா எங்கள் தெரு கிளப்பின் பொருளாளர். மண் கோப்பையில் டீ வந்தது, கூடவே சுடச்சுடக் கத்தரிக்காய் பஜ்ஜி. இந்த ஊரில் ஜனநாயகம் பஜ்ஜி இல்லாமல் நடக்காது.

எம்.எல்.ஏ. நல்ல மாதிரி. பேப்பரைப் பார்க்காமல், வாத்தியார் மாதிரி விளக்கினார். முதல் மசோதா கல்லூரி நிர்வாகம் பற்றியது. உடனே ஒருவர் சந்தேகம் கேட்க எழுந்தார். இங்கே யாரும் நேராகக் கேள்வி கேட்க மாட்டார்கள். முதலில் ஒரு சொற்பொழிவு, நடுவில் கொஞ்சம் உலக அரசியல், கடைசியில் "இதுபற்றி உங்கள் கருத்து என்ன?". இரண்டாவது மசோதா கடைகளுக்கான லைசென்ஸ் பற்றியது. அதற்கும் இரண்டு சொற்பொழிவு. என் கணவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

மூன்றாவதாகத்தான் வந்தது. பழைய கட்டடங்களில் லிஃப்ட் வைக்க இனி எல்லா உரிமையாளரும் சம்மதிக்க வேண்டியதில்லை, முக்கால்வாசிப் பேர் சரி என்றால் போதும். "மசோதா நிறைவேறிவிட்டது" என்றார் எம்.எல்.ஏ.

அவ்வளவுதான்! அடுத்த வாக்கியத்தை யார் கேட்டார்கள்? யாரோ வீட்டுக்குள் ஓடிப்போய் சங்கை எடுத்து வந்து ஊதினார்கள். பெண்கள் குலவையிட்டோம். ஆமாம், நானும்தான். எம்.எல்.ஏ.வுக்குக் கடைசியில் கொடுப்பதாக வைத்திருந்த சந்தேஷ் இனிப்புப் பெட்டியை உடைத்து எல்லாருக்கும் நீட்டினார்கள். மேலே வராந்தாவிலிருந்து கயிற்றில் கட்டிய காய்கறிப் பை சரசரவென்று இறங்கி வந்தது. ஷிப்ராதி தினமும் காய் வாங்குகிற பை. அதில் நாலு சந்தேஷ் போட்டோம். பை ஆடிக்கொண்டே மேலே ஏறியது.

கூட்டத்தில் ஒரே ஒருவர் மட்டும் சந்தேஷைக் கையில் வைத்துக்கொண்டு வாயில் போடாமல் உட்கார்ந்திருந்தார். பிமல்தா. பாவமாக இருந்தது எனக்கு. ஆனாலும் குலவையை நிறுத்த மனசு வரவில்லை.

எம்.எல்.ஏ. மைக்கைத் தட்டினார். மறுபடி தட்டினார். தான் இன்னும் பேசி முடிக்கவில்லை என்றார். மசோதா சபையில் நிறைவேறியிருக்கிறதே தவிர, இன்னும் சட்டமாகவில்லையாம். கவர்னர் கையெழுத்துப் போட வேண்டும், அரசிதழில் வர வேண்டும். அதுவரைக்கும் பழைய விதிதான், எல்லாரும் சம்மதித்தே ஆக வேண்டும். எத்தனை நாளாகும் என்று கேட்டோம். சொல்ல முடியாது என்றார். பூஜைக்குள்...? உறுதி தர முடியாது என்றார்.

வாயில் சந்தேஷ். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. இன்னும் சட்டமே ஆகாத மசோதாவுக்குச் சங்கு ஊதிய தெரு இந்தியாவிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். நான் அண்ணாந்து பார்க்கவில்லை. ஷிப்ராதியின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

அப்போதுதான் பிமல்தா எழுந்தார். சுற்றி வளைக்காமல் நேராகக் கேள்வி கேட்டார். அதிலேயே தெரு அசந்துபோய்விட்டது.

"அப்படின்னா இன்னைக்குத் தேதியில, நான் சரின்னு சொல்லாம இந்த லிஃப்ட் வராது. அப்படித்தானே?"

அப்படித்தான் என்றார் எம்.எல்.ஏ.

"கவர்னர் கையெழுத்துப் போட்டுட்டா, நான் சொல்றதுக்கு மதிப்பில்லை. யாரும் என்னைக் கேட்கவும் வேண்டாம்."

எம்.எல்.ஏ. சங்கடத்தோடு தலையாட்டினார்.  பிமல்தா நடந்துபோய் மைக்கைக் கையில் வாங்கினார். போச்சு, இன்னொரு சொற்பொழிவு என்று நினைத்தேன்.

"முத்துதா எத்தனையோ தடவை என் வீட்டுக்கு வந்தார். ஒவ்வொரு தடவையும் கையெழுத்துதான் கேட்டார். லிஃப்ட்டை எங்கே வைக்கலாம் பிமல்தா, நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு இந்தக் கட்டடத்துல ஒருத்தர்கூட என்கிட்ட கேட்கலை. ரெண்டடி தள்ளி வெச்சா என் ஜன்னலுக்கு வெளிச்சம் வரும். அவ்வளவுதான். இப்ப சொல்றேன், எனக்குச் சம்மதம். கவர்னருக்கு முன்னாடி நான் சொல்லிட்டேன். அதை எல்லாரும் ஞாபகம் வெச்சுக்கணும்."

ரெண்டடி! இத்தனை வருஷம், இத்தனை டீ... எல்லாம் ரெண்டடிக்காகவா? என் கணவர் எழுந்து போய் பிமல்தாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மதுரைக்காரர் பொது இடத்தில் இன்னொருவரைக் கட்டிப்பிடித்து நான் அன்றுதான் பார்த்தேன். சங்கு மறுபடி முழங்கியது, இந்தத் தடவை நியாயமாக. சட்டமாவதற்கு முன்னாலேயே வேலை செய்த மசோதாவை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சொல்லிச் சிரித்தார் எம்.எல்.ஏ. அவருக்குக் கொடுக்க ஒரு சந்தேஷ்கூட மிச்சமில்லை. பிமல்தா கையில் இருந்ததைத்தான் கொடுத்தோம்.

மேலேயிருந்து ஷிப்ராதி குரல் கொடுத்தார். நாளைக்குக் காலையில் பிமல் தன் வீட்டுக்கு டீ குடிக்க வர வேண்டும் என்றார். கீழே எல்லாரும் கைதட்டினோம். நான் அழுதேன். சந்தோஷத்தில்தான், சொல்ல வெட்கமில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். நம் ஊர்க் கல்யாணங்களில் பார்த்திருப்பீர்களே... பந்தல், சாப்பாடு, நாதஸ்வரம் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு, "சித்தப்பா, முகூர்த்தத்துக்கு வந்துடுங்க" என்று கடைசியில் போய்ச் சொல்வோம். சித்தப்பா முறுக்கிக்கொள்வார். மாப்பிள்ளை சரியில்லை என்பார், மண்டபம் சரியில்லை என்பார். மாப்பிள்ளையும் மண்டபமுமா அவருக்குப் பிரச்சினை? பாதிப் பேர் 'முடியாது' என்று சொல்வது முடியாததால் இல்லை. 'முடியாது' என்றால்தான் நாலு பேர் வந்து எதிரே உட்காருகிறார்கள். அந்த வார்த்தையும் கையைவிட்டுப் போகப்போகிறது என்று தெரிந்தபோது, பிமல்தா அதைக் கொடுத்துவிட்டு மரியாதையை வாங்கிக்கொண்டார். கெட்டிக்காரர்!

மறுநாள் காலை ஃபில்டர் காபியோடு நான் ஷிப்ராதி வீட்டில் இருந்தேன். பூஜைக்கு என்ன புடவை கட்டலாம் என்று பீரோவைத் திறந்துவைத்துக்கொண்டு இருவரும் பேசிக்கொண்டிருந்தோம். லிஃப்ட் கம்பெனிக்கு என் கணவர் காலையிலேயே போன் போட்டாகிவிட்டது. மற்ற அனுமதியெல்லாம் ஏற்கெனவே வாங்கித் தயாராக இருப்பதால், பூஜைக்குள் முடித்துவிடலாம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

வாசலில் புஸ் புஸ்ஸென்று சத்தம். பிமல்தா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் வியர்வை. ஷிப்ராதி பதறி நாற்காலியைக் காட்டினார், நான் தண்ணீர் கொடுத்தேன். எங்கள் எல்லார் வீட்டு விசேஷமும் கீழே கிளப்பில்தான் நடக்கும். இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் நாலாவது மாடிக்கு ஏறி வந்தது அதுதான் முதல் தடவை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஒரு டம்ளர் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தார். மூச்சு வாங்கியது. பிறகு என்னைப் பார்த்துக் கோபமாகவே கேட்டார்:

"இந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் எவ்வளவு அவசியம் பௌதி... இத்தனை நாளா ஏன் யாரும் என்கிட்ட சொல்லலை?"